செம்புத் தண்ணீர்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு செம்பு பாட்டில் கொடுத்தார்கள். இதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சகல வியாதியும் போகும் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. என் மேசையில் கொண்டுவந்து வைத்த பெண்ணிடம், "எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்றேன். சொன்ன விதம் சரியில்லை. அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்கு என்ன தெரியும், பாவம். ஆனால் நல்லது என்று சொல்லிக் கையில் திணிப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டிலும் செம்புத் தண்ணீர்தான். அம்மாவின் கல்யாணச் சீரில் அவள் ஊர் ராமாபுரத்திலிருந்து வந்த செப்புக் குடம் அது. அப்பாவுக்கு மைசூர் ரயில்வே பட்டறையில் வேலை. தாலி கட்டிய கையோடு அம்மாவையும் குடத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். எங்கள் சனத்தில், மாமன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால்தான் ஏன் என்று கேட்பார்கள். அம்மா இன்றைக்கும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது அம்மாவுக்குப் பூஜை மாதிரி. காலையில் பல் துலக்கியதும் எனக்கு ஒரு டம்ளர், தங்கைக்கு ஒரு டம்ளர். அது உள்ளே போன பிறகுதான் காப்பி. தங்கை ஒல்லிப்பிச்சான் என்பதால் அவளுக்கு மட்டும் கூட அரை டம்ளர் கிடைக்கும்.

தங்கை என்றால் வாய். மண்டி மொஹல்லாவில் ஒரு டிராவல்ஸில் போனில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை அவளுக்கு. கன்னடம், தமிழ், இந்தி மூன்றையும் கலந்து அடித்து, பஸ் தாமதமென்று சண்டைக்கு வருகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புவாள். வீட்டில் நான் கத்த ஆரம்பித்தால், "சும்னிரு அக்கா, பி.பி. ஏறிடும்" என்று கன்னடம் கலந்து சும்மா இருக்கச் சொல்வாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இந்த வீட்டில் என்னை அடக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் பேச்சுதான் முதலில் குழறியது. நாக்கு தடித்துப் போனது போல வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு கை நடுங்கியது. கையெழுத்து கோணலாகிச் சுருங்கியது. குடித்துவிட்டு வருகிறாளா என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். ஒரு டாக்டர் மனசுதான் காரணம் என்றார். அவர் கொடுத்த மாத்திரையைத் தின்று அவள் நாள் முழுக்கத் தூங்கினாள். இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

கடைசியில் கண்டுபிடித்தது கண் டாக்டர். அவளுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தோம். விளக்கு வைத்துப் பார்த்தவர் இன்னொரு தடவை பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறது என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. உடம்புக்குச் செம்பு வேண்டும், ஆனால் துளியிலும் துளிதான் வேண்டும். சாப்பாட்டிலேயே அது வந்துவிடும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். என் தங்கையின் ஈரலுக்குத் தள்ளத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே தெரியவில்லை. தேங்கிய செம்பு ஈரலை நிறைத்து மூளைக்கு ஏறியிருக்கிறது.

டாக்டர் அம்மாவிடம் கன்னடத்தில், "நீங்க சொந்தத்திலயே கல்யாணம் பண்ணினவங்களா?" என்று கேட்டார். அம்மா பெருமையாகவே, மாமனைத்தான் கட்டினேன் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். இந்தக் குறை தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும், ஒரே ரத்தத்துக்குள் கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு அதிகம் என்றார். எனக்கும் பரிசோதனை செய்தார்கள். எனக்கு நோய் இல்லை. அதே வீடு, அதே குடம், அதே தண்ணீர்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். ஒன்று தேங்கிய செம்பைச் சிறுநீரில் இறக்குவதற்கு, இன்னொன்று துத்தநாகம், புதிதாகச் செம்பு சேராமல் தடுப்பதற்கு. பேச்சு திரும்புமா என்று கேட்டேன். சீக்கிரம் வந்திருந்தால் திரும்பியிருக்கும், இனிமேல் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். செம்புப் பாத்திரம், நிலக்கடலை, காளான், சாக்லேட் எதுவும் கூடாது என்று கன்னடத்தில் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அதில் குடத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். "என்ற புள்ளைக்கு நானே வெசத்த ஊத்திக் குடுத்துட்டேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்றே குடத்தைப் பழைய பாத்திரக் கடையில் போட்டாள். குடம் காரணமில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடத்தைத் தூக்கிப் போடலாம், கல்யாணத்தை எங்கே கொண்டு போய்ப் போடுவது. அதனால் அம்மா குடத்தைத் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டினேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மாத்திரையால் பேச்சு திரும்பவில்லை. இருந்ததும் போனது. முகத்துத் தசைகள் இழுத்து, வாய் எப்போதும் சிரிப்பது போலத் திறந்தே இருக்கிறது. அழும்போதும் அதே சிரிப்புதான். தண்ணீர் குடித்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடுகிறது. ஒரு தடவை அப்படிப் போய்ச் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதிலிருந்து ராகி மாவைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறோம். பச்சைத் தண்ணீர் அவளுக்குக் கிடையாது.

இந்த நிலைமையில்தான் ராமாபுரத்திலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். தாம்பூலத் தட்டும் வாழைப்பழமுமாக, ஒரே சந்தோஷம்.

"அக்கா, என்ற பொண்ண நம்ம சின்னவ பையனுக்கே பேசி முடிச்சாச்சு. நீயும் மாமாவும் முன்னால நின்னு தட்டு மாத்தோணும்."

சின்னவள் என்றது இரண்டு பேருக்கும் இளைய தங்கையை. அம்மா தட்டைத் தொடவில்லை.

"வேண்டாஞ்சாமி. சொந்தத்துல வேண்டாம்" என்றாள்.

"என்னக்கா இப்பிடிப் பேசறே? நீ மாமனத்தான கட்டுனே. என்ன கொறஞ்சு போச்சு இப்ப?"

கேட்ட பிறகுதான் அவர் என் தங்கையைப் பார்த்தார். அவள் சுவரோரமாக நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "பாப்பா சிரிச்சுக்கிட்டுத்தான இருக்குது" என்றார்.

"ரெண்டு பேருக்கும் ரத்தமாச்சும் பாத்துட்டுச் செய்யிடா."

"நல்ல காரியத்துல போயி ரத்தங்கிறயே" என்று எழுந்துவிட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

சமையலறையில் அம்மாவிடம், "சொந்தம்தான் காரணம்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த டாக்டரு கேட்டாரே, அன்னைக்கே தெரியும். உங்கப்பா காதுல உழுக வேண்டாம்னுதான் கொடத்தத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். கொடம் என்ன வெஞ்சாலும் வாங்கிக்கும். மாமா தாங்க மாட்டாரு கண்ணு."

அப்பா கூடத்தில் இருந்தார். டிவி அணைந்திருந்தது. அம்மா தம்பியிடம் பேசிய அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து தங்கை உட்கார்ந்திருக்கும் பக்கம் அவர் போவதில்லை.

நிச்சயதார்த்தம் நடந்தது. யாரும் ரத்தம் பார்க்கவில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்று ராமாபுரத்து மாமாவுக்குப் போன் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன். அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் தங்கையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் சத்தமே வராத வாய். "சும்னிரு அக்கா" என்றுதான் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் வாயருகே காதை வைத்தேன். எவ்வளவு நேரமோ முயன்று, முயன்று, கடைசியில் வந்தது.

"தண்ணி."

அம்மா ராகிக் கூழைக் கரண்டியில் எடுத்து வந்தாள். தங்கை உதட்டை மூட முயன்றாள். முடியவில்லை. தலையை மட்டும் அப்படியும் இப்படியும் அசைத்தாள். அவள் கேட்டது பச்சைத் தண்ணீர். அம்மாவுக்கும் எனக்கும் அது தெரியும். அம்மா கரண்டியை மறுபடியும் அவள் வாயருகே கொண்டு போனாள்.