ஐஸில் ஊமையான கறுப்பு பீர்

மதுரை ஸ்டேஷன் பக்கம் ஒரு சீமைச்சரக்குக் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அங்கே வேலை கேட்டு வந்தவர்களிடம் முதலாளி குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இல்லவே இல்லை என்றார்கள். நான் மட்டும் உண்டு என்றேன். வேலை எனக்குத்தான் கிடைத்தது. முதலாளி முருக பக்தர், ஒரு சொட்டுகூட நாவில் படவிடாதவர். புதுச் சரக்கை ருசி பார்த்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

தை மாதம் மதராஸ் ஏஜென்ட் பெல்ஜியத்துக் கறுப்பு பீர் சாம்பிள் அனுப்பினார். மடத்துச் சாமியார்கள் காய்ச்சுவதாம். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமியாரே காய்ச்சுனா, அங்கிட்டு மழை எப்படிய்யா பேயுது?" என்றார்.

அன்று கடைக்கு ஐஸ் வரவில்லை. அப்படியே திறந்து குடித்தேன். பேரீச்சம்பழ இனிப்பு, கடைசியில் லேசாகக் கிராம்புக் காரம். வழக்கமான பீர் என்று நினைத்து மடமடவென இறக்கியதில் அரை கிளாஸிலேயே காது சூடாகிவிட்டது. பிரமாதம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி முதலாளி கேஸ் கேஸாக வரவழைத்துவிட்டார்.

சரக்கு சித்திரை வெயிலில் வந்து இறங்கியது. வாங்க வேண்டியவர் வெள்ளைக்காரர் கிளப்பின் செக்ரட்டரி துரை. "தொரை வேணாம்னுட்டா, நீ ஒங்க ஊரு திருமங்கலத்துக்கே போயி பருத்தி மூட்டை தூக்கு" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நம் ஊரில் மரியாதை என்றால் ஜில்லென்று கொடுப்பதுதானே? துரை ருசி பார்க்க வரும் நாளில் காலையிலிருந்தே பாட்டில்களை ஐஸுக்குள் புதைத்து வைத்தேன். துரை வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். இருமல் மருந்து, அதிலும் இனிப்பில்லாத இருமல் மருந்து என்று கிளாஸை மேஜையில் வைத்துவிட்டார். இன்னும் ஜில்லென்று வேறு பாட்டில் திறந்தேன். அது இன்னும் மோசம் என்றார்.

முதலாளி விடுவாரா? விசிறியை இழுக்கச் சொல்லி, வெயிலைத் திட்டி, துரையின் நாய் சுகமா என்று விசாரித்து, அவரை நாற்காலியை விட்டு எழவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று மேஜைப் பக்கம் மூக்கை நீட்டினார்.

"ஏப்பா, இந்தக் கிளாசுல கருப்பட்டிப் பாகு வாசம் வருதே. மொதல்ல வரலையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளாஸின் குளிர் விட்டிருந்தது. நான் தை மாதம் குடித்ததும் ஐஸில்லாத பீர்தான். இன்னும் ஒரே ஒரு வாய் என்று துரையிடம் கெஞ்சினேன். வேண்டாவெறுப்பாகக் குடித்தார். மறுபடி குடித்தார். கிளாஸைக் காலி செய்துவிட்டு, எத்தனை கேஸ் இருக்கிறது என்று கேட்டார்.

"அம்புட்டும் ஒங்களுக்குத்தான் தொரை" என்றார் முதலாளி.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், குளிர் விடட்டும். அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் முதலாளி மோந்து பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் எனக்குக் குடிக்க உத்தரவு.