போய்த் திரும்பிய கசெட்

எங்கள் வாய்க்கால் றோட்டில் காதுக்குள் பாட்டுக் கேட்டபடி சைக்கிள் ஓடிய முதல் ஆள் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

எண்பதுகளின் முற்பகுதி அது. கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டமொன்றில் எங்களுக்கு வயலும் வீட்டுக்காணியும் இருந்தன. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய காணி. அண்ணா சவூதியில் கட்டட வேலை. நான் டவுனில் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து கண்டி றோட்டுக்கு நாலு மைல் கிரவல் பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் வயல்.

லீவில் ஊர் வந்த ஒருவரிடம் அண்ணா எனக்கு ஒரு வோக்மன் கொடுத்துவிட்டிருந்தார். செம்மஞ்சள் பஞ்சு வைத்த ஹெட்போன். அதைத் தலையில் மாட்டி, வயரைப் பின்னலுக்குள் மறைத்து, பெட்டியைத் துவாயால் சுற்றி முன்கூடைக்குள் வைப்பேன். பள்ளத்தில் சில்லு விழுந்தால் பாட்டும் ஒருமுறை இழுபடும். சங்கக்கடை மனேச்சர் ஒருநாள் மறித்து, "பிள்ளைக்குக் காதிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். விளங்கப்படுத்தப் பஞ்சிப்பட்டு, "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் அதை நம்பி அம்மாவிடம் வேறு துக்கம் விசாரித்திருக்கிறார்.

அப்பாவுக்குத்தான் அது கரைச்சலாக இருந்தது. எங்கள் வயல் பாதிவழியில். நான் கடந்து போகும்போது வரம்பில் நின்று கூப்பிட்டு, சுருட்டு வாங்கி வா, மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு வாங்கி வா என்று சொல்லுவது அவருடைய வழக்கம். வோக்மன் வந்த பிறகு நான் எதையும் கேட்காமல் போய்விடுவேன். பின்னேரம் வெறுங்கையோடு வந்து நிற்பேன்.

"சவூதியிலை இருக்கிறவன் கதைச்சா இவவுக்குக் கேக்குது. வரம்பிலை நிண்டு நான் கத்தினாக் கேக்குதில்லை" என்று அம்மாவிடம் முறைப்பாடு வைப்பார். ஆனால் கழற்று என்று ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த கிழமையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு, நான் வருவதைக் கண்டால் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். நான் பிறேக் போட்டு, ஒரு காதை மட்டும் கழற்றி, "என்னப்பா?" என்பேன். சிலநாள் ஒன்றும் இருக்காது. "ஒண்டுமில்லை, போ" என்று சிரிப்பார்.

அண்ணாவோடு கடிதத்தைவிடக் கசெட்டில்தான் எங்கள் கதை நடந்தது. அதற்கு வீட்டில் ஒரு முறை இருந்தது. ஒரே கசெட்தான் போய்ப் போய் வரும். அண்ணா பேசி அனுப்புவார். நாங்கள் அதைக் கேட்டு, அயலவரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்து, பிறகு அதற்கு மேலேயே வீட்டு ரேடியோ கசெட்டில் எங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அவர் கேட்டுவிட்டு, அதற்கு மேலே தன் குரலைப் பதிந்து அனுப்புவார். ஊரில் நல்ல வெறும் கசெட் கிடைப்பது கஷ்டம் என்பது ஒரு காரணம். அந்தக் கசெட் இராசியானது, பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வருகிறது என்று அம்மா நம்பியது இன்னொன்று. ஆக, ஒவ்வொரு தடவையும் ஒருவர் குரலை அழித்துத்தான் மற்றவர் குரல் ஏறும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போது குரலைச் சேர்த்துவைத்து என்ன செய்வது?

கடைசியாக நாங்கள் அனுப்பிய கசெட்டில் அப்பா வழமைக்கு மாறாக நிறையப் பேசினார். மற்ற நாட்களில் "சுகமாயிருக்கிறம், நீ கவனம்" என்பதோடு எழும்பிவிடுவார். அன்று முதற்பக்கத்தை அம்மா முடித்துவிட்டு அடுப்படிக்குப் போக, இரண்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்த வயலில் என்ன நெல், வெள்ளைப் பசு கன்று போட்டது, தனக்குப் படியேறினால் கொஞ்சம் இளைக்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கையைக் காட்டிக் காட்டி நின்றேன். அதைக் கண்டுவிட்டு, "சரி, எனக்குக் காணும். மிச்சத்தைப் பிள்ளை கதைக்கட்டும்" என்று கதிரையைவிட்டு எழும்பினார்.

நாடா முடியக் கொஞ்சம்தான் இருந்தது. நான் அவசரமாகச் சொன்னேன்: "அண்ணா, கேட்டு முடிஞ்ச உடனை இதிலையே ரண்டு பக்கமும் பாட்டுப் பதிஞ்சு அனுப்புங்கோ. இஞ்சத்தைக் கசெட்டெல்லாம் சிக்குது. உங்கட கதை கொஞ்சம் காணும், பாட்டுத்தான் கூட வேணும்."

கசெட் தபாலில் போய் இரண்டு கிழமையில் அப்பா செத்துப்போனார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அண்ணாவுக்குத் தந்தி அடித்தோம். பதில் இல்லை. அவர் இல்லாமலே எல்லாம் நடந்தது.

அம்மா ஒப்பாரி வைக்கும் ஆள் இல்லை. சவம் எடுத்த பிறகு, சுவரில் சாய்ந்தபடி, "அந்தக் குரலை இனி நான் எங்கை கேப்பன்" என்று மட்டும் சொன்னா. எனக்குத் தாங்கவில்லை.

"கசெட் இருக்கம்மா. அப்பா எவ்வளவு நேரம் கதைச்சவர்! அண்ணாவிட்டை அது பத்திரமா இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டா. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அவரின்ர குரல் வருகுது" என்று சொன்னா. நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. தந்தி முதலில் போய்ச் சேர்ந்தால் அண்ணா அதை அழிக்கமாட்டார். நான் கேட்ட பாட்டை அவர் அதற்கு முதலே பதிந்திருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழும்பிப்போய் ஏதாவது வேலை செய்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஒரு கிழமையில், பதிவுப் பொதி வந்திருக்கிறது என்று தபால்காரர் துண்டு தந்தார். அம்மா வாசல்வரை வந்து, "கெதியா வா" என்று அனுப்பினா. வோக்மனையும் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

தபால் கந்தோர்ப் படியிலேயே பொதியைப் பிரித்தேன். அதே கசெட். அதன் முகத்தில் அண்ணாவின் கையெழுத்தில், "தங்கச்சிக்குப் பாட்டு."

இருந்தாலும் மனம் விடவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு இருக்கலாம் அல்லவா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

முதலில் அண்ணாவின் குரல். "அப்பா, இளைக்குதெண்டு சொல்லுறியள், பேசாமல் இருக்காதேங்கோ. பெரிய டொக்டரிட்டைக் காட்டுங்கோ. சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறன். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்." தந்தி கிடைக்காத மனுசன், செத்துப்போன அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, உனக்குக் கதை கொஞ்சம்தானே வேணும். இந்தா பிடி, பாட்டு" என்று சிரித்தார். பாட்டுத் தொடங்கியது.

எங்கள் வீட்டில் சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் பாட்டுக் கேட்கக்கூடாது என்று அம்மா ரேடியோவைச் சீலையால் மூடிக் கட்டிவைத்திருந்தா. நான் றோட்டில் ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். வேகமாக ஓடவிட்டால் பற்றறி இறங்கிவிடும் என்ற பயம். இடையில் எங்காவது ஒரு துண்டு அழியாமல் நின்று, அதைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது. எதிரே சைக்கிளில் வந்த அயல்வீட்டுக்காரர் என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்து, பரிதாபமாகத் தலையாட்டினார். வாயும் அசைந்தது. அப்பாவைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருப்பார். என் காதில் கல்யாணப் பாட்டு ஒன்று மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. நானும் தலையாட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நாலாவதோ ஐந்தாவதோ பாட்டு, நான் முன்பே ஆசைப்பட்டுத் தேடிய பாட்டு. கொஞ்ச நேரம் போனபின்தான் கவனித்தேன், அதன் தாளத்துக்கு என் கால் மிதித்துக்கொண்டிருந்தது. என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் நிற்பாட்டவும் முடியாது. அப்பாவைத் தேடுவதற்கு அந்தப் பாட்டுகளுக்குள்ளால்தான் போகவேண்டியிருந்தது.

எங்கள் வயல் வந்தபோது முதற்பக்கம் முடிந்தது. வரம்பில் யாரும் இல்லை. வாய்க்கால் கட்டில் நின்ற மருதமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கசெட்டை மறுபக்கம் மாற்றிப் போட்டு, நிலத்தில் குந்தியிருந்தேன். அதிலும் பாட்டுத்தான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அடுத்த பாட்டு வந்துவிடும். வெயில் ஏறிவிட்டது. அம்மா வாசலில் நிற்பா என்று தெரியும். எழும்ப மனமில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் இரைச்சல்.

"...குக் காணும். மிச்சத்தைப் பிள்ளை கதைக்கட்டும்."

கதிரை உரசும் சத்தம். பிறகு என் குரல். துள்ளலும் சிரிப்புமாக, பாட்டுக் கேட்கும் என் குரல். இருபது நிமிடப் பேச்சில், நான் கையைக் காட்டி எழுப்பிவிட்ட அந்த இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. வாய்க்கால் கட்டில் இருந்து வாய்விட்டு அழுதேன். ஹெட்போன் காதில் இருந்தபடியால் என் அழுகை எனக்கே தூரத்தில் கேட்டது.

அழுது முடித்து, கசெட்டை வெளியே எடுத்துப் பென்சிலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குச் சுற்றி, சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

வீட்டில் நான் வோக்மனை எடுத்ததும் அம்மா பாயில் போய் இருந்து, தலையை நீட்டினா. பஞ்சு இரண்டையும் காதில் பொருத்திவிட்டு அமத்தினேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் மாறியது.

"ஓமப்பா! ஓமப்பா!" என்றா. ஹெட்போன் போட்டவர்கள் எல்லாரும் போல உரத்த சத்தத்தில். பக்கத்துவீட்டு நாய் குரைத்தது.

என் குரல் தொடங்குவதற்கு முதல் நிற்பாட்டிவிட்டேன்.

"இவ்வளவுதானோ, பிள்ளை?"

"மிச்சம் அழிஞ்சு போச்சம்மா."

"ஆர் அழிச்சது?"

"அண்ணா. பாட்டுப் பதிஞ்சிட்டார்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கேடான ஒன்று. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டா. "பெத்த தேப்பன்ர குரலிலையோ அவனுக்குப் பாட்டு?" என்றா. அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைச் சொன்னா. ஒரு மாமா அதைக் கேட்டு, அண்ணாவுக்குச் சூடாகக் கடிதமே எழுதிப் போட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, கேளாதவள் போல் நடமாடினேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னை அம்மா அப்படிப் பார்ப்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

அந்தியேட்டி முடிந்தது. ஒருநாள் நான் வகுப்பால் வந்து சைக்கிளை நிறுத்தினால், அம்மா குசினி வாசலில் ஹெட்போனோடு இருக்கிறா. அமத்துகிற கட்டை எதுவென்று தானே பழகியிருந்தா. "ஓமப்பா" என்று சொல்லிவிட்டு, நிற்பாட்டாமல் அப்படியே இருந்தா. நாடா ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண் என்னில் வந்து நின்றது. காதில் இப்போது யார் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். சைக்கிள் கான்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

நாடா முடிந்து கட்டை மேலெழும்பியது. அம்மா ஹெட்போனைக் கழற்றி, வயரைப் பெட்டியில் சுற்றி என்னிடம் நீட்டினா.

"பற்றறி இறங்கிப்போச்சு. வெயிலிலை வை."

வாங்கிக்கொண்டேன்.

"அண்ணாவுக்கு இண்டைக்குக் கடிதம் எழுது, பிள்ளை. அவனிலை பிழையில்லையெண்டு அம்மா சொன்னவா எண்டு எழுது."

அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

எழுதினேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே என் பங்கை எழுத மூன்று தாள் கிழித்தேன், வரவில்லை. தபாலில் போடக் கொண்டுபோனபோது ஹெட்போன் போடவில்லை. சைக்கிள் செயின் சத்தமும் வாய்க்கால் தண்ணீரின் சத்தமும் கேட்டன. எங்கள் வயலுக்கு நேரே வந்ததும் பிறேக் பிடித்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.