கர்ச்சீப் போட்ட மெஷின்

ஸ்லாட் என்ற சொல்லை இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். என் மகள் டாக்டரிடம் ஸ்லாட் வாங்குகிறாள். போனில் சிம் போடும் இடமும் ஸ்லாட்தானாம். எனக்கு அது அன்றைக்கும் இன்றைக்கும் காசு போடும் ஓட்டை. அந்த ஓட்டையை வைத்துத்தான் அஸ்தினாபுரத்தில் இரண்டு மாடி கட்டினேன். படிப்பு ஐந்தாவது வரைதான். ஆனால் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஓட்டல் வாசல், சந்தை என்று எடை பார்க்கும் மெஷின் எங்கே நின்றாலும் அது பெரும்பாலும் என்னுடையது. ஏறி நின்று காசு போட்டால் விளக்கு சுற்றும், எடை அச்சடித்த சீட்டு விழும். சீட்டின் பின்பக்கம் பலன் போட்டிருக்கும்.

அதனால் போன வருஷம் வியாபாரிகள் சங்கத்தோடு கோவா போய், ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலில் ஸ்லாட் மெஷினைப் பார்த்தபோது நான் மிரளவில்லை. மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இங்கே காசு போடுவதில்லை. கவுன்டரில் பணம் கட்டி வாங்கிய கார்டைச் செருக வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். பல வரிசைக்குக் கட்டினால் அத்தனை மடங்கு போகும். பொத்தானை அழுத்தினால் படங்கள் சுற்றி நிற்கும். கட்டிய வரிசையில் ஒரே படம் சேர்ந்தால் பணம். எவ்வளவு போனால் எழுந்துவிடுவது என்று உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நான் செய்தேன், எழுந்தேன், பிரியாணி சாப்பிட்டேன். எங்கள் கூட்டத்தில் அப்படி எழுந்தவன் நான் ஒருவன்தான்.

நான் சாப்பிட்டு வந்த பிறகும், கூட வந்திருந்த என் மனைவியின் தம்பி எழவில்லை. ஐம்பதை நெருங்குகிறவன். லோடு ஆட்டோ வாங்கச் சேர்த்த பணம் முழுக்க பேங்கில் இருந்தது, ஏடிஎம் கார்டு சட்டைப் பையில் இருந்தது. கைச்செலவுக்குக் கொண்டுவந்ததெல்லாம் தீரும் நேரத்தில் அவனுக்கு பாத்ரூம் போக வேண்டி வந்தது. மின்சார ரயிலில் இடம் பிடிப்பது போல நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தால் யாரோ ஒரு அம்மாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கர்ச்சீப்பை மடித்து மெஷின் மேல் வைத்திருந்தார். அவன் பார்க்கும்போதே மணி அடித்தது. அந்த அம்மாளுக்குப் பெரிய தொகை.

“மாமா, அது என்னுது. கர்ச்சீப் போட்டுட்டுதானே போனேன்.”

“போய் கம்ப்ளெயின்ட் குடு. கர்ச்சீப்பை சாட்சிக்கு இட்டுனு போ.”

“கலாய்க்காத மாமா. காலைலேர்ந்து நான் தீனி போட்ட மெஷினு. பக்கத்துது இன்னும் ஒண்ணுமே குடுக்கல, குடுத்துதான் ஆவணும். ஆட்டோ காசுல கொஞ்சம் எடுத்துக்கிறேன்.”

“மச்சான், அதுக்கு நீ யாருன்னும் தெரியாது, அந்தம்மா யாருன்னும் தெரியாது. இதுக்கு முன்ன குடுத்துச்சா இல்லியான்னு ஞாபகமும் கிடையாது. ஒவ்வொரு தபாவும் புதுசு. நீ குந்தினு இருந்தா வேற படம் வந்திருக்கும். மொத்தத்துல கப்பல்காரனுக்கு மிஞ்சற மாதிரிதான் செட் பண்ணி வெச்சிருப்பான்.”

“உன்னுது எடை மெஷினு. உனக்கு இது இன்னா தெரியும்?”

“ரொம்ப வருஷம் முன்ன பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில என் மெஷின்ல ஏறுனியே, சீட்டுல இன்னா வந்துச்சு?”

யோசிக்கவே இல்லை. “கடல் கடந்து போவேன்னு வந்துச்சு.”

“போனியா?”

“இன்னும் இல்ல.”

“அந்தச் சீட்டுக் கட்டை உள்ள அடுக்குனதே நான்தான். உனக்கு முன்னாடி வெங்காய மூட்டைய ஏத்தி காசு போட்டிருந்தா, அந்தச் சீட்டு மூட்டைக்கு வந்திருக்கும்.”

சட்டைப் பைக்குப் போன கையை எடுத்துக்கொண்டான்.

“இன்னா மாமா நீ. அதை நம்பித்தானே பாஸ்போர்ட் எடுத்தேன்.”

பிறகு அந்த அம்மாளிடம் கேட்டு கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிரியாணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

லோடு ஆட்டோ இப்போது அனகாபுத்தூர் பக்கம் ஓடுகிறது. பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது, புதுப்பிக்கட்டுமா என்று போன வாரம் கேட்டான். புதுப்பித்துக்கொள் என்றேன். என் மெஷினில் மட்டமான சீட்டை நான் என்றைக்கும் வாங்கிப் போட்டதில்லை.