மூச்சு விட்டால்தான் எண்ணுவேன்

எழுபத்தொரு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் பிடிக்க வேண்டும். ஓட வேண்டியதில்லை, சுவர் ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினால் போதும்.

அந்தப் பெண் ஒரு கார்ட்டூன் தொடரின் நாயகி. பகலில் பள்ளிக்கூடம் போவாள். மற்ற நேரத்தில் ஒரு ரகசிய இலாகாவுக்காக உளவு பார்ப்பாள். இலாகாவின் அலுவலகம் ஓர் ஐஸ் கம்பெனிக்கு அடியில் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் அவள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள். மூச்சு விட்டால் தெரிந்துவிடுவாள். இதுதான் அவளுடைய சக்தி. அவளுக்கு எதிரியாகக் கணக்கர் என்று ஒரு கிழவர் வருகிறார். அவர் துப்பாக்கி தூக்குவதில்லை. அவள் ஒளிந்திருக்கும் அறைக்குள் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒன்று... இரண்டு..." என்று மெதுவாக எண்ணத் தொடங்குவார். எப்படியும் அவள் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்?

எந்த நாட்டிலோ எடுத்த தொடர். அதைத் தமிழில் பேச வைக்கும் வேலையை என் அண்ணன் மகள் உதியன்குளங்கரையில் ஒரு மாடி அறையில் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. நான் முற்றத்தில் நின்று, விழ விழ உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன். தென்னை மேலே இருந்தவர், "சாரே, நான் ஒண்ணையும் மேல வச்சு தின்னுட்டு வரமாட்டேன். கொஞ்சம் சும்மா இரியும்" என்று கத்தினார். நான் இருக்கவில்லை.

"சித்தப்பா, இப்ப முப்பத்தேழுன்னு சொன்னியளே, அத இன்னொருக்கா சொல்லுங்க" என்று அண்ணன் மகள் போனை என் வாயருகே நீட்டினாள்.

"எதுக்கு?"

"ஒரு கெட்ட ஆளுக்கு சத்தம் வேணும். நாலு பேர எண்ண வச்சுப் பாத்தாச்சு, ஒருத்தர் எண்ணினதுலயும் பயம் வரல்ல. நீங்க எண்ணினா எனக்கே வயித்தக் கலக்குது."

அடுக்களையிலிருந்து என் மனைவி, "எனக்கு நாப்பத்தாறு வருசமா கலக்குது" என்றாள்.

அப்படித்தான் நான் கணக்கர் ஆனேன். அந்த மாடி அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஃபேன் சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேன் போட மாட்டார்கள். வியர்வை கண்ணில் இறங்க, "நீ எங்கே ஒளிந்தாலும் உன் மூச்சு என்னிடம்தான் வந்து சேரும்" என்று நான் மிரட்டுவேன். வியர்வையினாலோ என்னவோ, மிரட்டல் நன்றாக வந்தது.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. முதல் பாகத்தில், அந்தப் பெண்ணால் முப்பது எண்ணுவதற்கு மேல் மூச்சுப் பிடிக்க முடியாது என்று இலாகாவின் டாக்டர் சொல்கிறார். ஆறாம் பாகத்தில் கப்பலின் சரக்கறைக்குள் அவள் அறுபத்தெட்டு வரை தாக்குப்பிடிக்கிறாள். இரண்டு தடவை போட்டுப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.

"சித்தப்பா, அது கார்ட்டூன் ஆக்கும்" என்றாள் அண்ணன் மகள்.

"கார்ட்டூன்னா கணக்கு வேண்டாமா?"

"நீங்க கெட்டவரு. கெட்டவரு போய் நியாயம் கேப்பாரா?"

அன்று முதல் அந்தப் பெண் தப்பிப் போவது எனக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை. எண்ணும்போது பல்லைக் கடித்தேன். நடிப்பு முன்னேறிவிட்டது என்று அண்ணன் மகள் பாராட்டினாள்.

இந்த வேலையைப் பற்றி ஆலயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கே எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. அதுவும் எண்ணுவதுதான்.

எங்கள் ஆலயம் கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது. மிஷன் காலத்துக் கட்டடம். காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்கு மலையாள ஆராதனை. ஏழு மணிக்கு வருகிறவர்களை, கடைசிப் பாட்டு பாடும்போது பின்னால் நின்று எண்ணிப் போதகரிடம் சொல்வேன். இந்த எண்ணிக்கை வருஷா வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: தொடர்ந்து மூன்று ஞாயிறு நாற்பது பேருக்குக் குறைந்தால், தமிழ் ஆராதனை மாதத்துக்கு ஒன்றுதான். மற்ற ஞாயிறுகளில் எல்லோரும் ஒன்பதரைக்கு வந்துவிட வேண்டும்.

எனக்கு மலையாளமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். எதில் எண்ணினாலும் தொகை மாறாது. என் மனைவிக்கு அப்படி இல்லை. "மலையாளத்தில மீன் வாங்குவேன், பஸ்ஸில சண்ட போடுவேன். ஜெபம் பண்ண எனக்கு வராது" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் அவள் எந்த மொழியிலும் பேசவில்லை. அதிலிருந்து அவளுக்கு விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்டேன்.

முதல் ஞாயிறு முப்பத்தாறு பேர் வந்தார்கள். இரண்டாம் ஞாயிறு முப்பத்தைந்து. பெரியவர்கள் என்னையும் சேர்த்து இருபத்தேழு, பிள்ளைகள் எட்டு. அன்று ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எட்டுப் பிள்ளைகளும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவன் ஏழாம் வகுப்பு.

"பாட்டா, கணக்கர் நீங்கதானே?"

"எவன் சொன்னான்?"

"பின்னால நின்னு பதினேழு, பதினெட்டுன்னு முணுமுணுத்தியளே. அப்பமே தெரிஞ்சு போச்சு."

"எலே, மெதுவாப் பேசு."

"எங்கள எண்ணினியளா?"

"எண்ணினேன். எட்டு."

"அது கள்ளக் கணக்காக்கும். நாங்க மூச்சப் பிடிச்சுட்டுல்லா இருந்தோம்? உங்களுக்கு எப்பிடி எங்களத் தெரியும்?"

என் கணக்கைக் கள்ளக் கணக்கு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நான் சற்று யோசித்து, "சரி மக்கா. அடுத்த வாரம் மூச்சு விட்டால்தான் எண்ணுவேன்" என்றேன்.

"உரக்க எண்ணணும். நாற்காலியில இருந்து."

"இருக்கேன்."

"ஒம்பதரைக்கு வாற பிள்ளைகளுக்கும் கேக்கணுமாம். கூட்டிட்டு வரட்டா?"

இது முறையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கவலைப்பட்டேன். வருகிறவரை எண்ணுவது என் பொறுப்பு, ஏன் வந்தார் என்று விசாரிப்பது போதகரின் பொறுப்பு என்று முடிவுக்கு வந்த பிறகுதான் காலைச் சாப்பாடு இறங்கியது.

மூன்றாம் ஞாயிறு, கணக்கைச் சரிபார்க்கக் கமிட்டியிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் அதே இருபத்தேழு. முன்வரிசைகளில் பிள்ளைகள் பதின்மூன்று பேர். ஐந்து பேர் ஒன்பதரைக்கு வருகிறவர்கள். கூட்டினால் மிகச் சரியாக நாற்பது. ஒரு பிள்ளைக்கு மூத்திரம் வந்து வெளியே போனாலும் தமிழ் ஆராதனை போய்விடும்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் பதின்மூன்று பேரும் ஒரே சமயத்தில் கன்னத்தை ஊதிக்கொண்டார்கள். ஒருவரும் பாடவில்லை. பாட்டு முடிந்தது, ஆசீர்வாதமும் முடிந்தது. கன்னங்கள் அப்படியே இருந்தன. அவ்வளவு நேரம் யாராலும் முடியாது. மூக்கு வழியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கள்ளத்தனத்தை அப்போது நான் சுட்டிக்காட்டவில்லை.

கமிட்டிக்காரர் எழுந்து முன்னால் வந்தார். "இதுக ஒண்ணும் வாயத் தொறக்கல்லியே. தமிழ் அறியாத பிள்ளைகளா? ஆள் கணக்குக்கு ஒம்பதரைக்கு உள்ளதப் பிடிச்சு இருத்தியிருக்கியளோ?"

போதகர் மேற்கூரையைப் பார்த்தார். 

"மோனே, பேரென்ன?" என்று கமிட்டிக்காரர் ஒருவனைக் கேட்டார். அவன் கண்ணை உருட்டினான். கன்னத்தை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாதவன் எப்படிப் பேர் சொல்வான்?

"தமிழ் பேசிக் கேட்டா எழுதுவேன். இல்லேன்னா இருபத்தேழுதான்" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை; மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

வேறு வழியில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் பிள்ளைகளுக்கு எதிரே போட்டேன். அது தரையில் உரசிய சத்தமே கணக்கருடைய நாற்காலி மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். ஆலயத்துக்குள் அந்தக் குரலை எடுத்தேன்.

"ஒன்று..."

பிள்ளைகளுக்கு அடுத்த வரிசையில் ஒரு பெரியம்மா கையிலிருந்த குடையைக் கீழே போட்டார்.

"இரண்டு... மூன்று..."

ஏழில் ஒருவன் வெடித்தான். "என் மூச்சு எனக்கே சொந்தம், கணக்கரே!" அகப்பட்டுக்கொள்ளும்போது அந்த உளவுக்காரப் பெண் முழங்குவது அது. கமிட்டிக்காரர் துள்ளி விழுந்தார். பிறகு குனிந்து, "இருபத்தெட்டு" என்று எழுதினார். பத்தில் இரண்டு பேர், பதினொன்றில் ஒருத்தி. ஒவ்வொருவரும் அதே வசனம், அட்சர சுத்தமாக. ஒன்பதரைக்காரர்களும் அதையே சொன்னார்கள். தொடரைப் பார்க்காத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. பின்னாலிருந்த பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அடுத்தது யார் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கமிட்டிக்காரர் எழுதிய கணக்கு முப்பத்தொன்பதில் நின்றது. 

மிச்சம் ஒரே ஒருத்தி. இரண்டாம் வகுப்பு இருக்கலாம், ஒன்பதரைக்கு வருகிறவள். கண்ணை இறுக மூடி, கன்னத்தை ஊதி, அசையாமல் இருந்தாள். நான் அறுபது எண்ணினேன். அறுபத்தெட்டைத் தாண்டினேன். சரக்கறை சாதனை முறிந்தது.

"இந்தா இருக்கே, பிள்ள. எழுதுங்க" என்றார் போதகர் கமிட்டிக்காரரிடம்.

"எனக்குக் கண்ணுல தெரியல்லியே" என்றார் அவர். முகத்தில் சிரிப்பே இல்லை. கணக்கு முறை தெரிந்த மனிதர்.

அப்போது என் மனைவி எழுந்தாள். பாட்டுப் புத்தகத்தை இருக்கையில் வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"ஆ!" என்றாள் பிள்ளை.

கமிட்டிக்காரர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் நாற்பது என்று எழுதி, பேனாவை மூடி, பையில் செருகினார்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்றப் பிள்ளைகள் முழு வசனம் பேசினார்கள். இவள் சொன்னது "ஆ" மட்டும். மலையாளத்திலும் கிள்ளினால் "ஆ"தானே? நாளை கமிட்டியில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

நான்காம் தடவை என் மனைவி நின்றாள்.

"கேட்டியளா, நுள்ளினது நானாக்கும். நான் தமிழிலதான் நுள்ளினேன். பேசாம வாருங்க."