தலைமாட்டு விளக்கு

கல்முனை வேதக்கோயில் உபதேசியார் சவிரிமுத்துவுக்கு வயது அறுபத்திரண்டு. பிறந்தபோது அவர் பாண்டிருப்பு நல்லரெத்தினம். வேதக்காரப் பெண்ணைக் கலியாணம் முடித்து, தலையில் தண்ணீர் வார்த்து, பெயரையும் மாற்றிக்கொண்டவர். பெயரோடு விட்டார்களா? ஒரு புதுத் தமிழையே பாடமாக்க வேண்டியிருந்தது. சர்வேசுரன், ஞானஸ்நானம், பூசை என்று வாய்க்குள் நுழைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து ஓய்கிற நேரம் அந்தத் தமிழையே மாற்றிவிட்டார்கள். சர்வேசுரன் இறைவன் ஆனார், பூசை திருப்பலி ஆயிற்று. மனிதர் அதையும் பாடமாக்கினார். செபம் சொல்லும்போது பழைய சொல் பாதி வந்து திரும்பிப் போகும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவருக்குக் கோபம் வருவதில்லை, அலுப்புத்தான்.

எழுபத்தெட்டுக் கார்த்திகைச் சூறாவளி கோயில் கூரையைக் கொண்டுபோயிற்று. தை பிறக்கச் சில நாள் இருக்கையில், கூரைக்குப் பதில் படங்கு கட்டிய கோயிலுக்குள் இளம் பாதர் ஒரு புதுக்கதை சொன்னார். உயிர் தப்பியதற்கு நன்றியாக இந்தத் தைப்பொங்கலைக் கோயில் முற்றத்திலேயே பொங்குவோம். கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் வைப்போம்.

"விளக்க நீங்கதான் கொளுத்தவேணும், உபதேசியார்."

"சுவாமி, அது சைவ ஆக்கள்ற சாமான்தானே?"

"தமிழ் ஆக்கள்ற சாமான், ஐயா. நாங்களும் தமிழ் ஆக்கள்தானே. இப்ப அதெல்லாம் பாவமில்ல."

அந்த 'இப்ப' சவிரிமுத்துவின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. விழாமல் என்ன செய்யும்?

ஐம்பத்தோராம் ஆண்டு அவருடைய அம்மா செத்தாள். அவர் ஒரே மகன். அப்போதிருந்த பெரிய சுவாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விளக்குக் கொளுத்தினாலும் பாவம், கொள்ளி வைத்தாலும் பாவம், தூர நின்று செபி. சவிரிமுத்துவும் சொல் தட்டாமல் படலைக்கு வெளியே, றோட்டோரமாகச் செபமாலையும் கையுமாக நின்றார். தங்கச்சி செல்லத்தங்கம் தலைமாட்டில் வைக்கிற குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு படலைவரை வந்தாள்.

"கொள்ளிய இவர் வைப்பார், அண்ணன். இத மட்டும் கொளுத்தித் தாங்க" என்று அழுதாள்.

அவர் அசையவில்லை. விளக்கைக் கொளுத்தியதும் கொள்ளி வைத்ததும் அவள் புருசன் புண்ணியமூர்த்தி. அன்றோடு அவள் அண்ணனோடு கதைப்பதை விட்டாள். இருபத்தெட்டு வருசம் ஆயிற்று.

கோயிலில் குத்துவிளக்குக் கிடையாது. பாத்திரக்கடைக் கச்சிமுகம்மதுவிடம் போய்க் கேட்டார்.

"பித்தளச் சாமான் ஒண்டுமில்ல, உபதேசியார். எல்லாம் புயலோட போயித்து" என்றார் கச்சிமுகம்மது. "ஒங்களுக்கென்னத்துக்குக் குத்துவிளக்கு?"

சவிரிமுத்து விசயத்தைச் சொன்னார். கச்சிமுகம்மது சிரித்தார்.

"நல்ல கூத்துத்தான். எங்கட வாப்பா காலத்துத் தர்காக் கந்தூரி இப்ப ஆகாதாம், புதுசா ஓதிட்டு வந்த பொடியனுகள் சொல்றானுகள். ஒங்களுக்கு ஆகாதது ஆகுது, எங்களுக்கு ஆகினது ஆகாமப் போகுது. நாம ரெண்டு பேரும் எங்க போய் நிக்கிற?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட தங்கச்சிட ஊட்டுல ஒண்டு இருக்கே. கேட்டுப் பாருங்களன்."

பாண்டிருப்புக்குச் சைக்கிள் மிதிக்க அதிக நேரம் ஆகாது. சவிரிமுத்து வழியில் மூன்று இடத்தில் இறங்கி நின்றார். திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தார். செல்லத்தங்கம் முற்றத்தில் பாய் விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைக் கண்டு நிமிர்ந்தாள். அவரே படலைக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப, இப்ப கொளுத்தலாமா?" என்று கேட்டாள்.

"ஓம். பாவமில்லையாம்."

"அப்ப அண்டைக்கு?"

சவிரிமுத்துவிடம் பழைய தமிழும் இருந்தது, புதுத் தமிழும் இருந்தது. இதற்குப் பதில் சொல்ல இரண்டும் உதவவில்லை.

"அண்டைக்கும் பாவமில்லத்தான் போல, தங்கச்சி. நான் விளங்காமப் போயித்தன்."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். விளக்கை எடுத்து வந்து நடுவறையில் வைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டாள்.

"உள்ளுக்கு வாங்க. அம்மாவக் கிடத்தினது இதிலதான். மொதல்ல இங்க கொளுத்துங்க. மறுகா எங்க வேணுமெண்டாலும் கொண்டு போங்க."

மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நாலாவதில் திரி பற்றியது. வாயில் செபம் தானாக வந்தது, பழைய தமிழிலேயே வந்தது. சர்வேசுரன் என்றுதான் சொன்னார், திருத்தவில்லை. பக்கத்தில் செல்லத்தங்கம் கைகூப்பி நின்றாள். கிழவர் சிறுபிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். "பொழுது சாயுது. நூத்துப்போட்டுக் கொண்டு போங்க."

அவர் குனிந்து ஊதப் பார்த்தார். மூச்சு வரவில்லை.

"எரியட்டும், தங்கச்சி" என்றார்.

வெறும் சைக்கிளோடு அவர் வருவதைக் கோயில் முற்றத்தில் நின்ற பாதர் கண்டார்.

"எங்க ஐயா விளக்கு? தங்கச்சி தரல்லயா?"

"தந்திச்சி, சுவாமி. கொளுத்திட்டன்" என்றார் சவிரிமுத்து. "கோயிலுக்கு மெழுகுதிரி போதும்."