சொருகினதெல்லாம் தெரியணும்

கம்ப்யூட்டரில் யார் எதைச் சொருகினாலும் அது திருதிருவென்று முழிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. தேனி அல்லிநகரத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னக் கடைகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்கிறோம். பென்டிரைவ், கேமரா கார்டு, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்க உதவும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். படித்ததை ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து காட்டுவதற்கு மவுண்ட் என்று பெயர். இரண்டும் என் தலையில். உங்கள் தொழிலிலும் யாராவது "சின்ன வேலைதானே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்திருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

ஆள் தேவை

எனக்கு உதவிக்கு ஒருவர் வேண்டியிருந்தது. "டிரைவர் எழுதத் தெரிந்தவர் தேவை" என்றுதான் எங்கள் மேனேஜர் வாட்ஸ்அப்பில் போட்டார். அது கை மாறிக் கை மாறிக் கம்பம் போய்ச் சேர்வதற்குள் "எழுதத் தெரிந்த டிரைவர் தேவை" என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் ஏழு பேர் வாசலில் நின்றார்கள். எல்லோரும் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள்.

முதலில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். லைசென்ஸோடு, தன் கையெழுத்தைக் காட்ட ஒரு முழுப் பக்கம் எழுதியும் கொண்டுவந்திருந்தார். முத்து முத்தான எழுத்து. இங்கே வண்டியே கிடையாது, இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டிரைவர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, வண்டி வாங்குனதும் சொல்லிவிடுங்க. எழுத்து வேலையையும் சேத்துப் பாத்துக்கிறேன்."

காணாமல் போன முகூர்த்தம்

மவுண்ட் செய்யும் ஃபோல்டருக்கு அவரவர் விரும்பிய பெயரை வைக்கலாம் என்று ஒரு சுதந்திரம் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வீரபாண்டியில் ஜெயராஜ் என்று ஒரு ஸ்டுடியோக்காரர். காலையில் முகூர்த்தம் எடுத்த கார்டைச் சொருகி "கல்யாணம்" என்று பெயர் வைத்தார். பிறகு வரவேற்பு எடுத்த கார்டைச் சொருகி, அதற்கும் "கல்யாணம்" என்றே வைத்தார். இரண்டாவது போய் முதலாவதின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தாலி கட்டின படம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த மணப்பெண்ணின் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஜெயராஜ் எனக்குப் போன் போட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. என் நிரலில் ஏதாவது தப்பு நடந்து அடியில் இருந்தது அழிந்திருந்தால், மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்லவா முடியும்? போனதும் இரண்டாவது கார்டை முறைப்படி விடுவித்துக் கழற்றினேன். முகூர்த்தம் முழுவதும் அடியில் பத்திரமாக இருந்தது. ஜெயராஜ் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பெண்ணின் அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லதாப் போச்சு தாயி. இல்லேன்னா தாலி கட்டாமலே விருந்து போட்டாகன்னுல்ல ஊரு பேசியிருக்கும்."

கல்யாணம்-2

அந்த வாரமே திருத்தினேன். ஒரே பெயர் மறுபடி வந்தால் பின்னால் தானாக ஓர் எண் சேர்ந்துகொள்ளும். ஆபீஸில் எல்லோரும் கை கொடுத்தார்கள்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் அதே ஸ்டுடியோவுக்கு ஒரு புதுப்பெண்ணும் மாமியாரும் படம் பார்க்க வந்தார்கள். ஜெயராஜ் இரண்டாவது கார்டைச் சொருகினார். பெரிய திரையில் "முருகன் கல்யாணம்-2" என்று வந்தது. முருகன்தான் மாப்பிள்ளை. பெண் எழுந்து நின்றுவிட்டாள். மாமியார் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. ஜெயராஜ் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கார்டு, ஃபோல்டர், எண் என்று பத்து நிமிஷம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "சரிக்கா. அந்த ஒண்ணாவதையும் தொறந்து காட்டச் சொல்லுங்க. அதுலயும் நான்தான் இருக்கேனான்னு பாத்துக்கிறேன்."

காத்திருக்கவும்

பென்டிரைவில் ஏதாவது திறந்திருக்கும்போது பிடுங்கினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகலாம். அதனால் "பயன்பாட்டில் உள்ளது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று திரையில் வரும்படி செய்திருந்தேன். ஒரு நாள் கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் கிளார்க் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் போக வேண்டிய ஜீப் இரண்டு போய்விட்டதாம். பார்த்தால், அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு போட்டோ திறந்தே கிடக்கிறது. மூடினேன், அந்தக் கணமே பென்டிரைவ் விடுபட்டது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே சார்" என்றேன். அவர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் ஆரும் என்கிட்ட தயவுசெய்துன்னு சொன்னதில்ல மோளே. அதான் இருந்துட்டேன்."

மிஷின் நான் தப்பாகச் சொன்னதையும் அப்படியே செய்கிறது, மனுஷர்கள் நான் சரியாகச் சொன்னதையும் அவர்களுக்குத் தோன்றியபடிதான் செய்கிறார்கள், நடுவில் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம்.