காடைக் கூட்டத்துப் பங்காளி

கை கொடுத்தவர் கையை விடுவதற்குள் பொங்கியண்ணன் கேட்டுவிடுவார்: "ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?" நூல் லாரி ஓட்டுநர், பீகார் தையல்காரர், வங்கி மேலாளர், யாரும் தப்ப முடியாது. பதில் தன் குலமான காடைக் கூட்டம் என்று வந்துவிட்டால் அந்த ஆள் அந்த நொடியே பங்காளி. சாப்பிடாமல் போகவிட மாட்டார். பங்காளியிடம் அவர் பொய் சொன்னதே இல்லை. மற்றவர்களிடம் வியாபாரத்துக்கு வேண்டிய அளவு சொல்வார்.

முதலிபாளையத்தில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. துணியை உள்ளங்கையால் தொடமாட்டார், புறங்கையால்தான் தடவிப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடி கண்ணில் இருப்பதைவிட நெற்றியில் இருப்பதே அதிகம்.

இன்றைக்கு அந்த நெற்றி வியர்த்திருந்தது. சரக்கு வாங்க ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்திருந்த பையர், குழந்தைகள் சட்டைப் பெட்டிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு பெட்டியில் பன்னிரண்டில் சாயம் சரியாக ஒட்டாமல் திட்டுத்திட்டாகிவிட்டது. மகன் அருண்குமார் அவற்றை அடுக்கின் அடியில் போட்டு மறைத்திருந்தான். இந்த ஆர்டர் போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்.

ஒன்பது பெட்டி தேறியதும் டீ வந்தது. பொங்கியண்ணனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. பையரின் குடும்பப் பெயர் பிரெபெலிட்சா; அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கச் சொன்னார். அருண்குமார் வேண்டாவெறுப்பாகக் கேட்டான். பையர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். காடை. அவர்கள் மொழியில் காடைக்கு அதுதான் பெயராம். முன்னோர் யாரோ வயலில் காடை பிடித்தவராக இருக்கலாம், குட்டையும் குண்டுமாக இருந்ததால் ஊர் வைத்த பட்டமாகவும் இருக்கலாம், சரியாகத் தெரியாது என்று சிரித்தார்.

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. குலத்துக்கே பேர் கொடுத்த பறவை என்பதால் அவர் வீட்டு அடுப்பில் காடை ஏறியதே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா, அவிய அதைப் புடிச்சுத் தின்னவிய. இது வெறும் பேருங்க," என்றான் அருண்குமார், குரலைத் தாழ்த்தி.

"எந்த ஊர்ல இருந்தா என்ன கண்ணு, காடை காடைதான். பங்காளிகிட்ட எப்படி மறைக்கறது?"

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தோன்றாமல் இல்லை. நாற்பது தையல்காரர்களின் முகம் வந்து போனது. பயமாகத்தான் இருந்தது.

பத்தாவது பெட்டியும் தேறியது. பையர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அருண்குமார் அப்போதுதான் மூச்சு விட்டான். பொங்கியண்ணன் எழுந்துபோய், அடுக்கின் மேல் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, அடியில் கிடந்த ஒன்றை இழுத்து வந்து மேசையில் வைத்தார். டேப்பின் முனையை நகத்தால் நெம்பி, தானே கிழித்தார்.